பள்ளியில் படித்த மனையியல் உங்களுக்கு எங்கே கைகொடுத்தது? அனுபவத்தைச் சொல்லுங்க

பள்ளியில் மனையியல் எடுத்துப் படித்தவர்கள் இங்கே யாராவது இருக்கீங்களா? நான் அந்தப் பிரிவில் சேர்ந்தபோது வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "ஏம்மா, மார்க் குறைஞ்சிடுச்சா?" வேறு எதுவும் கிடைக்காதவர்கள் எடுக்கிற பாடம் என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள். சமைக்கவும் தைக்கவும் பள்ளிக்கூடம் எதற்கு என்ற பேச்சு வேறு.

எங்கள் முதல் செய்முறை வகுப்பில் அடுப்பே பற்றவைக்கவில்லை. மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தி, ஒரு இடுக்கி, ஒரு உலோகத் தட்டு, சில நூல் துண்டுகள். பருத்தி நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டாலே உதிர்கிற சாம்பலானது. கம்பளியும் பட்டும் முடி பொசுங்குகிற நாற்றம் அடித்தன. பாலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கறுப்பாகக் கெட்டி மணியாக நின்றது. டீச்சர் அந்த மணியை உள்ளங்கையில் வைத்து, "இது உருகின நிலையில உன் தோல்ல ஒட்டியிருந்தா?" என்று கேட்டார். செயற்கை இழை உடையோடு அடுப்புக்கு முன்னால் நிற்காதே என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு துணி நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு நேர்காணல் போனேன். ஒரு துண்டைக் காட்டி, பட்டா என்று கேட்டார்கள். பளபளப்பு, வழவழப்பு எல்லாம் பட்டேதான். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி எரிக்கலாமா என்றேன். சிரித்துக்கொண்டே லைட்டரை நீட்டினார்கள். கறுப்பு மணி வந்தது. வேலையும் வந்தது. அந்த ஒரு நூல்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் அடுத்த கேள்வியிலிருந்து அவர்கள் பேசிய தொனியே வேறு.

நீங்களும் சொல்லுங்க.

*

எங்க ஸ்கூல்ல பசங்களுக்கும் சேர்த்துதான் மனையியல் வகுப்பு. ஏப்ரன் கட்டிக்கிட்டு நின்னதுக்கு மத்த கிளாஸ் பசங்க பண்ணின கேலி தனிக்கதை, அதை விடுங்க.

காலேஜ் நாள்ல நண்பர்களோட ரூம் எடுத்துத் தங்கியிருந்தோம். ஒருத்தன் அடுப்புல எண்ணெயை வெச்சுட்டு போன் பேசப் போயிட்டான். திரும்பி வந்தா சட்டி தீப்பிடிச்சு எரியுது. இன்னொருத்தன் ஓடிப்போய் ஒரு வாளி தண்ணியோட வந்துட்டான். நான் அவன் கையைப் பிடிச்சு நிறுத்தி, அடுப்பை அணைச்சு, பெரிய உலோக மூடியை ஓரத்துல இருந்து நகர்த்தி சட்டி மேல மூடிட்டேன். சட்டி ஆறுற வரைக்கும் யாரையும் மூடியைத் தொடவிடலை.

வகுப்புல படிச்சது அப்படியே ஞாபகத்துல இருந்தது. தண்ணி எண்ணெயைவிடக் கனம், அதனால அடியில போயிடும். போன வேகத்துல ஆவியாகும். தண்ணி ஆவியாகும்போது கிட்டத்தட்ட 1,700 மடங்கு விரியும், எரியிற எண்ணெயையும் சேர்த்து மேல தூக்கி அடிக்கும். ஒரு வாளி ஊத்தியிருந்தா அந்த ரூமும் நாங்களும் என்ன ஆகியிருப்போம்னு யோசிச்சுக்கோங்க. வாளியோட வந்தவனுக்கு வெப்ப இயக்கவியல்ல என்னைவிட மார்க் ஜாஸ்தி!

*

தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா இதெல்லாம் வீட்டுல அம்மா சொல்லித்தர மாட்டாங்களா? பள்ளியில இருக்கிற நேரமே குறைவு. கணக்கு, அறிவியல், மொழின்னு படிக்க எவ்வளவோ இருக்கு. மூடி போட்டு தீயை அணைக்க ஒரு தனிப்பாடம் வேணுமா?

*

மேலே கேட்ட சகோவுக்கு: அம்மா சொல்லித்தந்தார், மறுக்கவில்லை. ரத்தக்கறை பட்ட துணியைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஏன் என்று கேட்டால் "அப்படித்தான்" என்பார். ரத்தத்தில் இருப்பது புரதம், சூடு பட்டால் அது கெட்டியாகி இழையோடு பிடித்துக்கொள்ளும் என்று வகுப்பில்தான் தெரிந்தது. காரணம் தெரிந்தபிறகு அந்த ஒரு விதி ரத்தத்தோடு நிற்கவில்லை. முட்டைக் கறை, பால் கறை, குழந்தை கக்கியது, எல்லாவற்றுக்கும் அதுவே வழி என்று நானே கண்டுகொண்டேன்.

அம்மா தப்பாகச் சொல்லித்தந்ததும் உண்டு. குளியலறை பளிச்சென்று வரட்டும் என்று ப்ளீச்சையும் கழிப்பறைக்கான ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றித் தேய்ப்பார். கண் எரியும், இருமல் வரும். "மருந்து வேலை செய்யுது" என்பார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் அது நுரையீரலையே பதம் பார்க்கும் என்று வேதியியல் டீச்சர் சொல்லவில்லை, மனையியல் டீச்சர் சொன்னார். வீட்டில் வந்து சொன்னபோது அம்மா நம்பவில்லை. பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த எச்சரிக்கையைப் படித்துக் காட்டிய பிறகுதான் நிறுத்தினார்.

மிச்ச உணவு விஷயமும் அப்படித்தான். வெளியே கிடந்ததை மறுபடி நன்றாகக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும், உண்மைதான். ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியா உணவில் ஏற்கெனவே விட்டுவைத்த நச்சு கொதித்தாலும் போகாது. 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வை என்பது அதனால்தான்.

இன்னொன்று கேட்கிறேன் சகோ. அம்மா சொல்லித்தந்தது எனக்கு. என் தம்பிக்கு எதுவுமே சொல்லித்தரவில்லை. அவன் வெளியூர் போய்த் தனியாக இருந்தபோது சட்டை துவைப்பது எப்படி என்று என்னைத்தான் போனில் கேட்டான். வீட்டுப் பொறுப்பில் விட்டால் பாதிப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் போய்ச் சேராது.

*

துணி, சமையல் எல்லாம் சொல்லிட்டீங்க. எனக்குப் பிடிச்சது குடும்ப வரவு செலவுப் பகுதி. தவணைக் கணக்கு ஒன்றை டீச்சர் கரும்பலகையில் போட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. 12,000 கடன், "10 சதவீத நிலையான வட்டி", 12 மாதம். வட்டி 1,200. மொத்தம் 13,200, மாதம் 1,100. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறோம். கடைசி மாதம் நம் கையில் பாக்கி இருக்கும் கடன் ஏறக்குறைய 1,000 மட்டும். வட்டி மட்டும் முழு 12,000க்கும் போட்டாகிவிட்டது. குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி 18 சதவீதத்தை ஒட்டி வரும்.

முதல் வண்டி வாங்கப் போனபோது விற்பனையாளர் "பத்தே சதவீதம் சார்" என்றார். நிலுவைக்கா, முழு அசலுக்கா என்று கேட்டேன். மேலாளரைக் கூப்பிடப் போய்விட்டார்.

*

நான் மனையியல் ஆசிரியை. படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. "சமையல் பாடம்" என்று சிரிக்கிறவர்களுக்கு நான் சொல்வது எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் பற்றி. எம்ஐடி என்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய முதல் பெண், 1873இல். வேதியியலாளர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆறுகள், கிணறுகளின் தண்ணீரைப் பரிசோதித்தவர். குடிக்கிற நீரையும் உண்கிற உணவையும் சோதிக்கிற அறிவு வீட்டுக்குள் வர வேண்டும் என்று நினைத்தவர். 1899இல் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் தொடங்கிய மாநாடுகள் வழியாக இந்தப் பாடத்துக்கு வடிவம் கொடுத்தவர்களில் முன்னணியில் இருந்தார். 1909இல் உருவான அமெரிக்க மனையியல் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. ஆக, ஆய்வகத்திலிருந்து அடுக்களைக்கு வந்த பாடம் இது.

ஆண் பிள்ளைகள் பற்றிச் சொன்ன தோழிக்கு: ஜப்பானில் 1993இல் நடுநிலைப் பள்ளியிலும் 1994இல் மேல்நிலையிலும் இதை ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக்கினார்கள். ஃபின்லாந்தில் 7ஆம் வகுப்பில் எல்லாருக்கும் உண்டு.

*

இதெல்லாம் அம்மா சொல்லித்தர மாட்டாங்களான்னு கேட்ட ஆள் மறுபடியும் வந்திருக்கேன். அந்தத் தவணைக் கணக்கைப் பார்த்துட்டு என் கடன் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அதைப் பத்தி இங்கே பேச வேண்டாம்.

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். என் தங்கை படிச்ச பள்ளியில மனையியல்னா ரெக்கார்டு நோட்டுல படம் ஒட்டுறதுதான். தையல் மிஷின் கண்ணாடி அலமாரியில பூட்டிக் கிடந்துச்சு. அஞ்சு மார்க் கேள்விக்கு வைட்டமின் பட்டியலை மனப்பாடம் பண்ணா. இன்னிக்குக் கேட்டா ஒண்ணும் தெரியலை. நீங்க எல்லாம் கொடுத்துவெச்ச ஆளுங்க, நல்ல டீச்சர் கிடைச்சாங்க. பொருள் இல்லாத பள்ளியில என்ன பண்றது டீச்சர்?

*

சகோ சொல்வது நியாயமான புகார். நானும் அப்படிப்பட்ட பள்ளியில் வேலை பார்த்திருக்கிறேன். பூட்டிய அலமாரியின் சாவிக்காக நடையாய் நடப்பதைவிட, அலமாரி தேவைப்படாத செய்முறைகளில் தொடங்கலாம். நூல் எரிப்புச் சோதனைக்கு என்ன வேண்டும் என்று முதல் பதிவிலேயே இருக்கிறது.

வைட்டமின் பட்டியலுக்குப் பதில் இதைச் செய்யச் சொல்லுங்கள். கொஞ்சம் மாவைத் தண்ணீரில் காய்ச்சி ஆறவிட்டு, மருந்துக்கடை அயோடின் ஓரிரு சொட்டு விட்டால் கருநீலமாகும். அந்த நீலக் கரைசலை இரண்டு கண்ணாடி டம்ளரில் சம அளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் புதிதாகப் பிழிந்த பழச்சாறு, மற்றதில் அதே சாற்றை நெடுநேரம் கொதிக்க வைத்து ஆறவைத்தது. சொட்டுச் சொட்டாக விட்டு நீலம் மறைகிறவரை எண்ணச் சொல்லுங்கள். வைட்டமின் சிதான் அந்த நீலத்தைப் போக்குகிறது, அதனால் கொதித்த சாற்றுக்குச் சொட்டுகள் கூடுதலாகத் தேவைப்படும். கொதிக்க வைத்ததை வற்றவிடாமல் மூடிவையுங்கள், இல்லாவிட்டால் சாறு அடர்த்தியாகிக் கணக்கு தவறும். முடிந்ததும் டம்ளர்களைக் கொட்டிக் கழுவச் சொல்லுங்கள், அயோடின் கலந்ததைப் பசங்க யாராவது குடித்துப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.