களைவு ஊடகமும் வேறுகாட்டி ஊடகமும்

வணக்கம்.

பாக்டீரியாக்களை ஆய்வகத்தில் வளர்க்க உதவும் சத்துக் கலவையை நுண்ணுயிரியலில் வளர்ப்பு ஊடகம் என்கிறோம். அதன் இரு வகைகளான selective medium, differential medium ஆகியவற்றை முறையே 'தேர்வு ஊடகம்', 'வகையீட்டு ஊடகம்' என்று வழங்கலாம் என்னும் முன்மொழிவில் எனக்கு உடன்பாடில்லை. வகையீடு நுண்கணிதத்தில் நிலைபெற்றுவிட்ட சொல். ஆங்கிலத்தில் இரு துறைக்கும் differential என்ற ஒரே சொல் வழங்குகிறது என்பதற்காக அதை இங்கும் இழுத்துவர வேண்டியதில்லை.

ஊடகம் செய்யும் வேலையைப் பார்த்தே பெயரிடுவோம். ஆல்ஃபிரட் மெக்கான்கி 1905இல் விரிவாக விவரித்த ஊடகத்தின் இன்றைய வடிவில், பித்த உப்பும் படிக ஊதா என்னும் சாயமும், கிராம் சாயச் சோதனையில் ஊதா நிறத்தைத் தக்கவைக்கும் கிராம் நேர் பாக்டீரியாக்களை ஒடுக்குகின்றன. புறச்சவ்வு உடைய கிராம் எதிர் வகைகள் அவற்றைத் தாங்கி வளர்கின்றன. ஆக, ஊடகம் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, வேண்டாததைக் களைகிறது. படிக ஊதா சேர்க்காத கலவையில் கிராம் நேர் வகையான என்டரோகாக்கஸ் சிறு காலனிகளாக (கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியாத் திரள்களாக) தலைகாட்டுவதுண்டு. களையெடுத்த வயலிலும் ஓரிரு கோரை தப்பத்தானே செய்யும்! எனவே 'களைவு ஊடகம்' என்பது என் பரிந்துரை. 'தேர்வு' என்றதும் மாணவருக்குப் பரீட்சை நினைவுக்கு வரும் இடரும் இதில் இல்லை.

அதே மெக்கான்கி ஊடகத் தட்டில் லாக்டோஸும் நியூட்ரல் ரெட் நிறங்காட்டியும் வேறொரு வேலையைச் செய்கின்றன. லாக்டோஸை நொதிக்கும் ஈ. கோலை, கிளெப்சியெல்லா ஆகியவை அமிலம் உண்டாக்கி இளஞ்சிவப்புக் காலனிகளாகத் தோன்ற, நொதிக்காத சால்மொனெல்லா, ஷிகெல்லா, புரோட்டியஸ், சூடோமோனாஸ் ஆகியவை நிறமற்று நிற்கின்றன. இதற்கு 'இனங்காட்டி ஊடகம்' என்ற சொல்லையும் சிலர் விரும்புகின்றனர். நிறம் இனத்தைச் சொல்லிவிடுவதில்லை. நிறமற்ற காலனி சால்மொனெல்லாதானா என்பதை அடுத்தடுத்த உயிர்வேதிச் சோதனைகளே உறுதி செய்யும். ஊடகம் காட்டுவது வேறுபாட்டை மட்டுமே என்பதால், நிறங்காட்டியின் வழியில் 'வேறுகாட்டி ஊடகம்' எனலாம்.

இரண்டு சொற்கள் தேவைதானா என்று கேட்போர் இரத்த அகாரை (அகார் என்னும் கூழ்பொருளால் கெட்டியாக்கி இரத்தம் சேர்த்த ஊடகத்தை) நினைத்துப் பார்க்க வேண்டும். அது சிவப்பணுச் சிதைவின் தன்மையால் காலனிகளை வேறுபடுத்திக் காட்டும். ஆனால் எதையும் களையாது. மெக்கான்கி அகாரோ களைவு ஊடகமாகவும் வேறுகாட்டி ஊடகமாகவும் இருக்கிறது.

'ஊடகம்' என்றால் செய்தித்தாள் நினைவுக்கு வருகிறது, 'வளர்தளம்' என்போம் என்ற கருத்தும் எழுந்தது. அகாருக்கு அது அழகாகப் பொருந்தும். ஆனால் மெக்கான்கியின் ஊடகம் குழம்பு (broth) என்னும் திரவ வடிவிலும் குடிநீர்ச் சோதனைக்குப் பயன்படுகிறது. திரவத்தைத் தளம் என்பது எப்படி?