லாடெக்கில் பக்கத் தலைப்பு படுத்தும் பாடு: யாராவது உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் 'புக்' வகுப்பில் (நூலுக்கான ஆவண வடிவம்), ஏ5 அளவில் ஒரு நூலை, அதன் ஒரு வகையான ஸீலாடெக் கொண்டு அமைத்துவருகிறேன். இடப்பக்க மேலே இயலின் பெயர், வலப்பக்க மேலே உட்தலைப்பு. பக்கத் தலைப்புகளை அமைக்கும் ஃபேன்சிஎச்டிஆர் தொகுப்பைப் போட்டதும் வந்துவிட்டது. அப்புறம்தான் தொல்லை.

முன்னுரைக்கு எண் வேண்டாமென்று நட்சத்திரக் குறியிட்ட 'சாப்டர்' கட்டளையைப் போட்டேன். அது தலைப்பு வரியை மாற்றவே இல்லை. முன்னுரையின் இரண்டாம் பக்கத்தில் 'பொருளடக்கம்' என்று நிற்கிறது! இரு பக்கத் தலைப்புகளுக்குமான பெயர்களை வைக்கும் 'மார்க்போத்' கட்டளையைக் கையால் சேர்த்து அதைச் சரிசெய்துவிட்டேன்.

சரியாகாதது இதுதான்: உட்தலைப்பே இல்லாத இயல்களில் வலப்பக்கத் தலைப்பு வெறுமையாக, கீழே கோடு மட்டும் கிடக்கிறது. காரணம் புரிகிறது. புது இயல் தொடங்கும்போது லாடெக் இடக்குறியில் (இடப்பக்கத் தலைப்புக்கான பெயர்) இயலின் பெயரை வைத்து, வலக்குறியை (வலப்பக்கத்துக்கானது) காலியாக்கிவிடுகிறது. அங்கே உட்தலைப்பு இல்லையென்றால் இயலின் பெயரே வரவேண்டும். இயல் தொடங்கும்போது இந்தக் குறிகளை வைக்கும் 'சாப்டர்மார்க்' கட்டளையை மாற்றி எழுதி, இரண்டு குறிகளிலும் இயலின் பெயரையே வைத்தால் போதுமா? அப்படிச் செய்தால் உட்தலைப்பு உள்ள இயல்களில் ஏதாவது கெடுமா?

இன்னொன்று. தமிழ் எழுத்துரு உயரமானதால் 'ஹெட்ஹைட்' (பக்கத் தலைப்புக்கு ஒதுக்கும் உயரம்) 12 பாயிண்ட் போதாது என்று எச்சரிக்கை வந்தது. அளவை மாற்றும் 'செட்லெங்த்' கட்டளை மூலம் 15 ஆக்கினேன். எச்சரிக்கை போனது, ஆனால் எல்லாப் பக்கத்திலும் உரை 3 பாயிண்ட் கீழே இறங்கிவிட்டது. அந்த உயரத்தை, பக்க அளவுகளை அமைக்கும் ஜியாமெட்ரி தொகுப்புக்குள்ளேயே கொடுப்பதுதான் முறையா, அல்லது 'டாப்மார்ஜின்' (மேல் ஓரம்) அளவில் 3 கழித்துவிடலாமா?

ஒவ்வோர் இயலின் முதல் பக்கத்திலும் தலைப்பு வராதது எனக்குப் பிரச்சினை இல்லை, அங்கே 'ப்ளெய்ன்' பாணிதான் என்று தெரியும். வேண்டுமானால் முகவுரைப் பகுதி (கோப்பின் தொடக்கத்தில் வரும் அமைப்புகள்) நிரலை மறுமொழியில் ஒட்டுகிறேன்.