மறு: ‘ஏர் லாக்’ – பூட்டா, அடைப்பா, கட்டா?

நண்பர்களே,

இழை நீண்டுவிட்டது. ஓட்டுநர் கையேட்டில் ‘டீசல் தீர்ந்து நின்ற வண்டி, மறுபடி ஊற்றியும் கிளம்பாவிட்டால்’ என்ற பக்கம் ‘ஏர் லாக்’, அதாவது எரிபொருள் வழியில் காற்று புகுந்து தங்கிவிடும் கோளாறு, இதற்கான ஒரு தமிழ்ச் சொல்லுக்காகக் காத்திருக்கிறது. என் கருத்தையும் சேர்த்துவிடுகிறேன்.

> லாக் என்றால் பூட்டுதானே? காற்றுப்பூட்டு என்றே வைப்போம்.

வேண்டாம் ஐயா. அதே கையேட்டில் கதவுப் பூட்டு, ஸ்டியரிங் பூட்டு, குழந்தைப் பூட்டு எல்லாம் வருகின்றன. நடுவழியில் நிற்கிற ஓட்டுநர் இதைப் படித்தால் சாவியைத்தான் தேடுவார்.

> காற்றடைப்பு? படித்ததும் புரிகிறது.

எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் டயருக்குக் காற்றடைக்கிறோமே, அது என்ன? ஒரே கையேட்டில் ஓரிடத்தில் காற்றடைப்பது நாம் செய்ய வேண்டிய வேலை, இன்னோரிடத்தில் அதுவே கோளாறு என்றால் குழப்பம்தான். காற்றுத்தடையும் உதவாது. பள்ளி இயற்பியல் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

சொல்லைத் தேடுமுன் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். தொட்டி வற்றியதும் குழாய், ஃபில்டர், இன்ஜெக்ஷன் பம்பு வரை காற்று நுழைந்துவிடுகிறது. பழைய வகை டீசல் எஞ்சினில் நாசில் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) திறக்க ஏறத்தாழ 200 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தம் வேண்டும். டீசல் அவ்வளவாக அமுங்காது, அதனால் பம்பு தள்ளியதும் அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். காற்று அமுங்கும். பம்பின் உந்துதண்டு அதை அமுக்குகிறது, விடுகிறது, மறுபடி அமுக்குகிறது. நாசில் அசைவதேயில்லை. எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பேட்டரிதான் தீரும். ஆக, இங்கே வழியை எதுவும் அடைக்கவில்லை. காற்று ஓரிடத்தில் கூடி, போகாமல் தங்கிக்கொண்டது.

இதற்கு நம்மிடம் ‘கட்டு’ இருக்கிறது. நீர்க்கட்டு, பால்கட்டு என்கிறோம். ‘பால் கட்டிக்கொண்டது’ என்றால் வெளியேறாமல் தேங்கிவிட்டது என்று பொருள். எனவே ‘காற்றுக்கட்டு’ என் முன்மொழிவு. வினையாகவும் வளையும்: ‘குழாயில் காற்று கட்டிக்கொண்டது.’ பட்டறையில் ‘ஏர் புடிச்சிருச்சு’ என்பதற்கு மிக அருகில் நிற்கிறது. வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகி ஓட்டத்தைக் கெடுப்பது வேறு கோளாறு. அதற்கு ‘ஆவிக்கட்டு’ என்று இணை கிடைக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் போடலாம் என்றவருக்கு என் மறுப்பு இதுதான்: ஆவிக்கட்டு எஞ்சின் ஆறினால் தானாகத் தீரும், காற்றுக்கட்டை நாம்தான் போக்க வேண்டும்.

எப்படிப் போக்குவது என்பதில்தான் அடுத்த தலைவலி.

> காற்றிறக்கல் எப்படி?

‘காத்து இறங்கிருச்சு’ என்றால் பஞ்சர். அடுத்தது.

> காற்று வடித்தல்?

வடிப்பது கஞ்சி. நீர்மத்தோடுதான் அந்த வினை ஒட்டும்.

மெக்கானிக் ‘ஏர் எடுக்கணும்’ என்கிறார். அழகான வழக்கு. சிக்கல் என்னவென்றால், கிணற்று மோட்டார் உள்ளே காற்றை உறிஞ்சினாலும் ‘ஏர் எடுக்குது’ என்றுதான் சொல்கிறோம். பேச்சில் ஆள் எதிரே இருப்பதால் குழம்பாது, அச்சில் குழம்பும். அதனால் தலைப்பில் ‘காற்று நீக்கல்’, விளக்கத்தில் ‘உள்ளே உள்ள காற்றை எடுக்க வேண்டும்’. பிரேக் குழாய்க்கும் இதே சொல் போதும்.

ஹேண்ட் பிரைமர் (கையால் அழுத்தி டீசலைக் குழாயில் ஏற்றும் சிறு பம்பு) செய்யும் வேலைக்கு ‘முன்நிரப்பல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். புணர்ச்சி விதிப்படி எழுதினால் அது முன்னிரப்பல். முன்கூட்டியே பிச்சை கேட்பது போல இருக்கிறது! ‘கைப்பம்பால் நிரப்பல்’ என்று வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். எல்லாவற்றுக்கும் ஒற்றைச்சொல் வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கில்லை.

பக்கத்தின் வரைவு இப்படி வரலாம்:

“காற்றுக்கட்டு ஏற்பட்டால்: ஃபில்டர் மேலுள்ள காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்துங்கள். முதலில் நுரை வரும். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் திருகை இறுக்குங்கள். பிறகு செல்ஃப் அடியுங்கள். விடாமல் அடிக்காமல், சில நொடிகள் அடித்து, ஸ்டார்ட்டர் ஆற நேரம் விடுங்கள்.”

இதற்குக் கீழே எச்சரிக்கை கட்டாயம். பழைய வண்டிகளில் நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடித்துக் காற்றை எடுப்பார்கள். காமன் ரெயில் வண்டியில் (எல்லா நாசில்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புதுவகை) அந்த வேலையே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சொல்லில் பிழை இருந்தால் அடுத்த பதிப்பில் திருத்தலாம், இதை விட்டால் கை போய்விடும்.

பெட்ரோல் பகுதியில் காற்றுக்கட்டைச் சேர்க்க வேண்டாம். கார்புரேட்டர் வண்டியில் மிதவைக் கிண்ணம் (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் இடம்) நிரம்பச் சற்றுப் பொறுத்தால் போதும். இன்ஜெக்ஷன் வண்டியில் தொட்டிக்குள் இருக்கும் மின்பம்பு எரிபொருளைத் தள்ளும்போதே காற்றும் பெரும்பாலும் வெளியேறிவிடும். சாவியை ஆன் செய்து, பம்பின் ரீங்காரம் நின்றதும் ஆஃப் செய்து, இப்படிச் சில தடவை செய்யச் சொன்னால் சரி. பம்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான் என்பதால், வற்ற வற்ற ஓட்டாதீர்கள் என்ற வரியும் அங்கேயே இருக்கட்டும்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வற்றி நின்ற டீசல் வண்டிகளை உங்கள் ஊர்ப் பட்டறைகளில் கிளப்பியபோது இந்தக் கோளாறை என்ன பெயரில் சொன்னார்கள்? ‘எயார்’ சேராத வழக்கு ஏதும் இருந்தால், காற்றுக்கட்டை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.