தண்ணி எங்க வருது?

பயணத்தில் சந்தித்தவர்களைப் பற்றி எழுதச் சொன்னதும் எனக்கு 2022 மே மாதக் கடைசிதான் ஞாபகம் வந்தது. நானும் என் கல்லூரி நண்பனும் ஒரே பைக்கில் மேட்டூரிலிருந்து பூம்புகார் வரை போனோம். ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக இல்லை. மேட்டூர் அணையில் திறக்கும் காவிரித் தண்ணீரோடு கூடவே போய், அது பாசனத்தின் கடைசிப் பகுதியான எங்கள் கடைமடைக்கு வந்து சேர்வதைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினோம்.

நண்பன் ஈரோட்டுப் பக்கம். வீட்டில் கிணற்றுப் பாசனம், மஞ்சளும் கரும்பும். எனக்கு மேலையூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், கடலுக்குச் சில கிலோமீட்டர்தான். ஹாஸ்டலில் நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தோம். ஒவ்வொரு ஜூன் மாதமும் அம்மா போன் செய்து, "தண்ணி முக்கொம்பு வந்துடுச்சாம்", "கல்லணையைத் திறந்துட்டாங்களாம்" என்று சொல்வதை அவனும் கேட்டுக்கொண்டிருப்பான். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற மாதிரியே பேசுறீங்களேடா. ஒரு தடவை நேர்ல பார்க்கணும்" என்பான். அந்த வருஷம்தான் இருவருக்கும் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தது.

வழக்கமாக மேட்டூரை ஜூன் 12ஆம் தேதி திறப்பார்கள். அந்த வருஷம் அணை கிட்டத்தட்ட நிரம்பி நின்றதால் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். நாடு சுதந்திரம் அடைந்த பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் தடவை. 120 அடி உயரத்துக்கு, 93.47 டிஎம்சி தண்ணீரைத் தேக்கும் அணை. 1934லிருந்து எங்கள் ஊர்ச் சாப்பாட்டை முடிவு செய்வது அதன் நீர்மட்டம்தான். எங்கள் பக்கம் பேப்பரைப் பிரித்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

மேட்டூரிலிருந்து முக்கொம்பு வரை சொல்வதற்கு அதிகம் இல்லை. பவானி கூடுதுறை, கொடுமுடி, மாயனூர் கதவணை எல்லாம் வந்தன, போயின. அகலமான ஆறு, நல்ல வெயில், அக்னி நட்சத்திரம் வேறு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் மட்டும் நண்பன் கொஞ்ச நேரம் நின்றான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கத்துப் பழைய அணையில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போன இடத்தைக் காட்டினேன். 1836இல் கட்டிய அணை. பக்கத்தில் புதுக் கதவணை எழும்பியிருந்தது.

கல்லணையில்தான் எங்கள் பயணம் உண்மையில் ஆரம்பித்தது. 27ஆம் தேதி அங்கே திறந்தார்கள். ஒரே கூட்டம். நெல்லும் பூவும் தூவி, ஷட்டர் மேலே ஏறியதும் அடியிலிருந்து வெள்ளை நுரையாகத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்ற ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டார். நண்பன் அவரைப் பார்த்துவிட்டு அவனும் செருப்பைக் கழற்றினான்.

அங்கே தண்ணீர் நாலாகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். வெண்ணாறு திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக்கு, கால்வாய் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக்கு. கொள்ளிடத்தில் விடுவது வெள்ளம் வந்தால்தான். "இதுல எது கூடடா போறது?" என்று கேட்டான். "நம்ம வீட்டுக்குப் போறது எதுவோ அது கூட" என்றேன். காவிரிக் கரை ரோட்டைப் பிடித்தோம்.

பைக் தண்ணீரைவிட வேகம் என்பதால் கொஞ்ச தூரத்திலேயே முந்திவிட்டோம். அதற்குக் கீழே ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. நாணலும் கருவேலமும், நடுவில் பையன்கள் நட்டு வைத்த ஸ்டம்பும். நண்பனுக்கு நம்பவே முடியவில்லை. சரி, இங்கேயே காத்திருந்து பார்ப்போம் என்று திருக்காட்டுப்பள்ளிக்கு முன்னால் கரையில் இறங்கி உட்கார்ந்தோம்.

தண்ணீர் வருவதை நானும் அதுவரை முகப்பில் நின்று பார்த்ததில்லை. அலை மாதிரி வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி வரவில்லை. விரல் கனத்துக்கு ஒரு நாக்கு மணலில் நீண்டது. அதன் முன்னால் சருகு, நுரை, பிளாஸ்டிக் கப், உயிருக்கு ஓடும் எறும்புகள். நாக்கு நீளும், மணல் குடித்துவிடும், திரும்ப நீளும். ஆள் நடக்கிற வேகத்தில் பாதிகூட இருக்காது. மணல் அள்ளிய குழி ஒன்று வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. அந்த ஒரு குழி நிரம்ப முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. எங்கள் கண் முன்னால் அதேபோல இன்னும் நாலைந்து குழிகள். அம்மா ஏன் ஒவ்வொரு வருஷமும், "இன்னும் ரெண்டு நாள் ஆகும்போல" என்று சொல்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அங்கிருந்து கிளம்பியதும் முதல் ஆள் எங்களை நிறுத்தினார். சைக்கிளில் உர மூட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவர். "தம்பி, மேக்கேருந்தா வர்றீங்க? தண்ணி எங்க வருது?" பார்த்த இடத்தைச் சொன்னோம். மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டவர், "அப்ப ராத்திரி எங்களைத் தாண்டிடும்" என்று சொல்லிவிட்டு மூட்டையை வேகமாகத் தள்ள ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் கேட்காத ஆளே இல்லை. டீக்கடையில், பெட்ரோல் பங்கில், படித்துறையில் துணி அலசக் காத்திருந்த பெண்கள், ஆடு ஓட்டிக்கொண்டு போன பாட்டி, எல்லோரும் அதே கேள்விதான். யார் நீங்கள், எந்த ஊர் என்று ஒருத்தரும் முதலில் கேட்கவில்லை. நாங்கள் இதற்காக ஒரு பழக்கமே வைத்துக்கொண்டோம். காலையில் மேற்கே திரும்பிப் போய்த் தண்ணீரின் முகப்பு எங்கே என்று பார்ப்பது, அப்புறம் கிழக்கே போய்ச் சொல்வது. என்னைவிட நண்பன்தான் அதில் தீவிரமாக இருந்தான். தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று பைக் மீட்டரைப் பார்த்து ஒரு பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டான்.

திருவையாற்றில் இரண்டு இரவு தங்கினோம். பேர் எப்படி வந்தது என்று அவன் கேட்டதற்கு வாயால் சொல்லாமல் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கூட்டி வந்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவிரி என்று ஐந்து பாலம். ஒவ்வொரு பாலத்திலும் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தான். எதில் ஈரம், எதில் மணல் என்று அதுவும் நோட்டில் ஏறியது. சாயங்காலம் புஷ்ய மண்டபப் படித்துறையில் உட்கார்ந்து அசோகா சாப்பிட்டோம். பாசிப்பருப்பில் செய்கிற அந்த இனிப்பை அந்த ஊரில் சூடாகச் சாப்பிட வேண்டும், பார்சல் வாங்கினால் பாதி ருசிதான்.

அந்தப் படித்துறைக்குக் கொஞ்சம் கீழே ஒரு லஸ்கரைச் சந்தித்தோம். நீர்வளத்துறையில் ஷட்டரை ஏற்றி இறக்கும் வேலை செய்பவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கையில் டார்ச்சும் ஒரு கழியும். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான் என்றார். "முதத் தண்ணி வர்ற அன்னைக்கு நான் தூங்குனதே இல்ல. மேல இருக்கறவன் தனக்கு நிறைச்சுக்கிட்டுத்தான் விடணும்னு நிப்பான். கீழ இருக்கறவன் எப்ப விடுவேன்னு நிப்பான். ரெண்டு பேரும் என்னையத்தான் திட்டுவாங்க. ரெண்டு பேரு சொல்றதும் நியாயம்தான்" என்றார். முறை வைத்துத் தண்ணீர் விடும் வருஷங்களில் ஒரு மணி நேரம் தவறினால் ஊருக்கு ஊர் சண்டை வந்துவிடும் என்றும் சொன்னார். கடைமடைக்காரனாக இருந்து நானும் மேலே இருப்பவர்களை மனதுக்குள் திட்டியவன்தான். அவர் பேசியதைக் கேட்டதும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை செய்யும் ஒரு பட்டறைக்குள் போனோம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூளையில் மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். விரல் ரேகைகூடத் தெரியும் அளவுக்கு அந்த மண் மெழுகோடு ஒட்டிக்கொள்கிறது. வேலை செய்துகொண்டிருந்த அண்ணன் தலையை நிமிர்த்தாமலேயே கேட்டார்: "தண்ணி எங்க வருது?" இவருக்கு எதற்கு என்று நண்பனுக்கு ஆச்சரியம். "தண்ணி வந்துட்டா அப்புறம் மண்ணு எடுக்க முடியாதே தம்பி. இன்னும் ரெண்டு வண்டி எடுக்கணும்." கபிஸ்தலத்தைத் தாண்டவில்லை என்று நண்பன் நோட்டைப் பார்த்துச் சொன்னதும் பையன் ஒருவனைக் கூப்பிட்டு உடனே ஆற்றுக்கு அனுப்பினார். எல்லோரும் தண்ணீர் சீக்கிரம் வரட்டும் என்று காத்திருந்தபோது, நாளைக்கு வரட்டும் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

கும்பகோணத்தில் ஒரு டிகிரி காபி, அவ்வளவுதான். அதைத் தாண்டி ஆடுதுறைப் பக்கம் வயல்கள் பச்சையாகத் தெரிய ஆரம்பித்தன. போர்வெல் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே நாற்று விட்டிருந்தார்கள். வரப்பில் நின்ற ஓர் அம்மா எங்களுக்கு மோர் கொடுத்தார். ஆடுதுறை 43, 110 நாள் பயிர், தீபாவளிக்குள் அறுத்துவிடலாம் என்றார். போரில் தண்ணீர் இருக்கும்போது ஆற்றுத் தண்ணீரை எதற்கு இப்படி எதிர்பார்க்க வேண்டும் என்று நண்பன் கேட்டான். கிணற்றுப் பாசனக்காரன் கேட்கிற கேள்விதான். அவர் கோபப்படவில்லை. "போர்த் தண்ணில பயிர் பொழைச்சுக்கும் தம்பி. ஆத்துத் தண்ணி பாஞ்சாத்தான் சிரிக்கும்" என்றார். போகப் போகக் கிழக்கே அந்தப் போர்த் தண்ணீரும் உப்புக் கரிக்கும், எங்கள் ஊருக்கு ஆற்றை விட்டால் வேறு வழி இல்லை என்று வண்டியில் போகும்போது நான் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

குத்தாலத்துக்கு முன்னால் பின் டயர் பஞ்சர். மயிலாடுதுறை வந்ததும் துலாக்கட்டத்தில் போய் உட்கார்ந்தோம். ஐப்பசி மாதம் முழுக்க ஊரே முழுக்குப் போடும் இடம். அன்றைக்குப் படியெல்லாம் வெயிலில் காய்ந்து கிடந்தது. அங்கேதான் சிக்கல் வந்தது. மேலே ஏதோ ஒரு இடத்தில் வாய்க்கால் வேலை முடியவில்லை என்று தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் முழுக்க முகப்பு நகரவே இல்லை. நண்பனின் லீவு மறுநாளோடு முடிகிறது. "நீ கிளம்புடா, நான் வீடியோ எடுத்து அனுப்புறேன்" என்றேன். அவன் எழுந்து போய் ஆபீசுக்கு போன் செய்து இன்னும் இரண்டு நாள் கேட்டான். மேலதிகாரி என்ன திட்டினார் என்பதை இன்று வரை என்னிடம் சொல்லவில்லை. திரும்பி வந்து, "இத்தனை பேர்கிட்டச் சேதி சொல்லிட்டு நான் பார்க்காமப் போறதா?" என்று மட்டும் சொன்னான்.

நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்று அம்மாவும் வாசலிலேயே அதைத்தான் கேட்டாள். நண்பன் நோட்டைப் பிரித்துக் கல்லணையிலிருந்து வரிசையாகப் படித்துக் காட்டினான். அம்மா ஒவ்வொரு ஊருக்கும் தலையாட்டிக்கொண்டே சோறு போட்டாள். அப்பா இருந்த காலத்தில் அவர் தாயக்கட்டத்தை ஒதுக்கிவிட்டுத் திண்ணையில் சாக்பீஸால் இதே ஊர்ப் பெயர்களை எழுதி ஒவ்வொன்றாக அடிப்பார் என்று அவனிடம் சொன்னாள். எனக்கே அது மறந்துபோயிருந்தது.

மறுநாள் பின்னிரவில் பக்கத்து வீட்டுத் தாத்தா கதவைத் தட்டினார். "வந்துட்டா, வந்துட்டா" என்றார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் காவிரியை அவள் என்றுதான் சொல்வார்கள். மேலையூர்க் கடையணைக்கு ஓடினோம். காவிரியில் கடைசிக் கதவணை அது, அதற்கப்புறம் பூம்புகார், கடல். டார்ச் வெளிச்சத்தில் அதே நுரை, அதே சருகு. திருக்காட்டுப்பள்ளியில் பார்த்த அகலம் இல்லை. ஆறு அங்கே வாய்க்கால் மாதிரிதான் ஓடும். ஷட்டர் பலகையில் தண்ணீர் மோதி ஏறிக்கொண்டிருந்தது. அம்மா படியில் கொண்டு வந்த விதைநெல்லில் ஒரு பிடியை நண்பன் கையில் கொடுத்தாள். அவன் குனிந்து, ஒரு மணிகூடக் கரையில் சிந்தாமல் மெதுவாகப் போட்டான். அப்புறம் அந்த இருட்டிலேயே அவன் அப்பாவுக்கு போன் செய்தான். "அப்பா, மேட்டூர்ல நாங்க பார்த்தோம்ல, அந்தத் தண்ணி. இங்க வந்துடுச்சுப்பா" என்றான். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, இவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

விடியும்போது வீட்டுக்குத் திரும்பினோம். வழியில் கிழக்கே இருந்து ஒரு பையன் சைக்கிளில் வந்தான். சீட்டுக்கு எட்டாத கால், பாருக்குக் கீழே விட்டு மிதித்துக்கொண்டு வந்தான். எங்களைப் பார்த்ததும் காலை ஊன்றி நின்றான்.

"அண்ணே, தண்ணி எங்க வருது? ஐயா பார்த்துட்டு வரச் சொன்னாங்க."

எனக்கு முன்னாலேயே நண்பன் சொன்னான்: "கடையணைக்கு வந்துடுச்சு தம்பி. போய்ச் சொல்லு."

பையன் கடையணைக்குப் போகாமல், சைக்கிளை அங்கேயே திருப்பிக்கொண்டு வந்த வழியே மிதித்தான்.