நொதிநஞ்சா, நச்சுநொதியா?

வணக்கம்.

தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயை உண்டாக்கும் பாக்டீரியா சுரக்கும் புரதத்துக்கு ‘நச்சுநொதி’, ‘நொதிநச்சு’ என இரண்டு சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. ஒன்றை ஏற்று மற்றதைக் கைவிட வேண்டும் என்ற போக்கில் பேச்சு செல்கிறது. சிறு திருத்தத்தோடு இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அவை ஒரே பொருளின் இரு பெயர்கள் அல்ல. முழுமைக்கு ஒன்றும் அதன் உறுப்புக்கு ஒன்றுமாக அமையத்தக்கவை.

இப்புரதம் 535 அமினோ அமிலங்களால் ஆன ஒற்றைச் சங்கிலியாக வெளிவருகிறது. நம் செல்லின் ஃபியூரின் என்னும் நொதி அதனை ஓரிடத்தில் வெட்டுகிறது. வெட்டுண்ட பிறகும் ஏறத்தாழ 21 கிலோடால்டன் எடையுள்ள ‘ஏ’ துண்டும், 37 கிலோடால்டன் எடையுள்ள ‘பி’ துண்டும் டைசல்பைடு பிணைப்பு என்னும் ஒரு கந்தகப் பிணைப்பால் சேர்ந்தே இருக்கின்றன. ‘பி’ துண்டின் கடைசிப் பகுதி செல்லின் மேலுள்ள ஏற்பியைப் பற்றிக்கொள்ள, செல் அதனை ஒரு சிறு பைக்குள் விழுங்குகிறது. பையினுள் அமிலத்தன்மை கூடும்போது ‘பி’ துண்டின் நடுப்பகுதி சவ்வுக்குள் நுழைந்து வழி ஏற்படுத்துகிறது. ‘ஏ’ துண்டு தன் மடிப்புக் குலைந்து, நூல்போல அவ்வழியே செல்லினுள் இறங்கி, டைசல்பைடு பிணைப்பு அறுந்ததும் மீண்டும் பழைய வடிவத்துக்கு மடிந்துகொள்கிறது.

நொதியின் வேலை அதற்குப் பிறகே தொடங்குகிறது. செல்லில் இயல்பாகவே உள்ள என்ஏடி மூலக்கூறை எடுத்து, அதிலிருந்து நிக்கோட்டினமைடை நீக்கிவிட்டு, மீதியுள்ள ஏடிபி-ரைபோசை செல்லின் புரத உற்பத்திக்குத் தேவையான ‘நீட்சிக் காரணி-2’ என்னும் புரதத்தின்மீது ஒட்டிவிடுகிறது. ஒட்டும் இடம், டிப்தமைடு எனப்படும், உருமாறிய ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம். அவ்வளவில் அந்தக் காரணி செயலிழக்கிறது. புரத உற்பத்தி நின்று செல் மடிகிறது. நொதியோ ஒரு காரணியை முடக்கிய கையோடு அடுத்ததற்குச் செல்கிறது. ஒரு செல்லைக் கொல்ல ‘ஏ’ துண்டின் ஒரேயொரு மூலக்கூறு போதும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1978இல் காட்டினார்கள். ஆனால் அதே துண்டைத் தனியே செல்லுக்கு வெளியே விட்டால் தீங்கில்லை. உள்ளே புக அதற்கு வழியில்லை.

ஆகவே நஞ்சு என்பது முழு மூலக்கூறு. நொதி என்பது அதன் ‘ஏ’ துண்டு மட்டுமே. தமிழ்த் தொகைச்சொல்லில் தலைமைச் சொல் இறுதியில் நிற்கும். அந்த முறைப்படி, நொதியாகச் செயல்பட்டுக் கொல்லும் நஞ்சு என்று முழுமையைக் குறிக்கும் சொல் நஞ்சு என்றே முடிய வேண்டும். நஞ்சின் உறுப்பாக உள்ள நொதியைக் குறிக்கும் சொல் நொதி என்று முடிய வேண்டும்.

நான் முதலில் குறிப்பிட்ட திருத்தம் இங்கேதான் வருகிறது. ‘நச்சு’ என்பது நஞ்சு என்னும் சொல் தொகையின் முன்னே நிற்கும்போது பெறும் வடிவம். இரும்பு இருப்புப்பாதை ஆவதும், மருந்து மருத்துப்பை ஆவதும் போலவே நஞ்சு நச்சுப்பாம்பில் நச்சு ஆகிறது. பாதையின் உலோகத்தை யாரும் ‘இருப்பு’ என்பதில்லை. பாடநூல்களில் ‘நச்சு’ தனிப்பெயராகப் புழங்குவதை நான் அறிவேன். அதைத் தவறென்று அடித்துத் திருத்தும்படி கேட்கவில்லை. புதிதாக ஆக்கும் சொல்லிலாவது மரபு வடிவம் இருக்கட்டும் என்கிறேன்: முன்னே நின்றால் நச்சு, பின்னே நின்றால் நஞ்சு. எனவே ‘நொதிநச்சு’ அன்று, ‘நொதிநஞ்சு’. செல்சவ்வில் துளையிட்டே கொல்லும் பாக்டீரியா நஞ்சுகளுக்குத் ‘துளைநஞ்சு’ என்ற இணைச்சொல்லும் இதே அச்சில் கிடைத்துவிடுகிறது.

இவ்வேறுபாடு மிக நுணுக்கமானது, நடைமுறைக்கு உதவாது என்று கருதுவோர் ஒரு மருந்தையும் ஒரு தடுப்பூசிப் புரதத்தையும் பார்க்கலாம். டெனிலூக்கின் டிஃப்டிடாக்ஸ் என்ற மருந்துக்கு அமெரிக்கா 1999இல் ஒப்புதல் அளித்தது. இந்நஞ்சின் பற்றும் பகுதியை நீக்கிவிட்டு அங்கே டி-செல்களைப் பற்றும் இன்டர்லூக்கின்-2 என்னும் புரதம் இணைக்கப்பட்ட புரதம் அது. தோலில் தோன்றும் ஒருவகை டி-செல் புற்றுநோய்க்குத் தரப்பட்டது. அதில் நச்சுநொதி முழுமையாக உண்டு. ஆனால் பாக்டீரியா செய்த நொதிநஞ்சு அது அன்று. மாறாக, சிஆர்எம்197 என்னும் புரதத்தில் 535 அமினோ அமிலங்களும் உண்டு; 52ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் குளூட்டாமிக் அமிலம் வந்ததால் நொதிவேலை மட்டும் நின்றுபோயிற்று. நிமோனியாத் தடுப்பூசிகள் சிலவற்றில் அது, கிருமியின் சர்க்கரைப் பொருளைச் சுமக்கும் தாங்கிப் புரதமாகச் சேர்க்கப்படுகிறது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இவ்விரண்டையும் மாணவருக்கு விளக்க முயன்றால் குழப்பமே மிஞ்சும்.

இலங்கை வழக்கில் நொதியம் என்பதால் அங்குள்ள நண்பர்கள் ‘நச்சுநொதியம்’, ‘நொதியநஞ்சு’ என்று எழுதலாம், பொருள் மாறாது.

எஞ்சியிருப்பது, தடுப்பூசியில் பயன்படும் டாக்சாய்டு என்பதற்கான சொல். ஃபார்மலின் என்னும் வேதிக்கரைசலால் கொல்லும் ஆற்றலை இழந்தும், உடலின் எதிர்ப்பைத் தூண்டும் வடிவத்தை இழக்காத நஞ்சு அது. விளக்கு அவிந்தது என்கிறோமே, அந்த வினையைக் கொண்டு ‘அவிநஞ்சு’ என்று முன்மொழிகிறேன். சிஆர்எம்197க்கும் அது பொருந்தும். அவித்தல் என்றால் வேகவைத்தல் என்றும் பொருள் உண்டு என்பதால், சூட்டால் செய்யப்பட்டது என்று படிப்பவர் எண்ணிவிடக்கூடும். அக்குறை இல்லாத வேறு வினைச்சொல் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள். என் சொல்லை விட்டுவிட்டு அதனை ஏற்கிறேன்.