அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஷெரிஃப் (கவுன்டி எனும் மாவட்டத்தின் காவல் தலைவர்) ஆட்களோடு உங்களுக்கு ஏற்பட்ட அனுபவம்?

கூப்பர்டினோவாசி:
பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்து யாரோ உள்ளே போவதைப் பார்த்து அவசர உதவி எண் 911 அடித்தேன். வந்த காரில் ஷெரிஃப் என்று எழுதியிருந்தது. போலீஸ் வரவில்லையா என்று கேட்டேன். "இந்த ஊருக்கு நாங்கள்தான் போலீஸ்" என்றார் டெபுடி, அதாவது ஷெரிஃபின் கீழ் வேலை செய்யும் காவலர். கூப்பர்டினோவுக்குத் தனியாகக் காவல் துறையே கிடையாதாம். சாண்டா கிளாரா கவுன்டி ஷெரிஃபுக்குப் பணம் கட்டி வேலையை ஒப்படைத்திருக்கிறார்கள். தெற்கே லேக்வுட் நகரம் 1954ல் ஆரம்பித்து வைத்த ஏற்பாடு இது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்களேன்.

மலைப்பித்தன்:
எனக்கு ஹெலிகாப்டரோடு அனுபவம்! தெற்குக் கலிஃபோர்னியாவின் மவுன்ட் பால்டி மலை, 10,064 அடி, குளிர்காலம். அடிவாரத்தில் நல்ல வெயில், மேலே பாதை முழுக்கப் பனி இறுகிக் கிடந்தது. கூட வந்த நண்பன் சறுக்கிச் சரிவில் விழுந்தான், கணுக்கால் போச்சு. 911 அடித்தோம். சான் பெர்னார்டினோ கவுன்டி ஷெரிஃபின் ஹெலிகாப்டர் வந்தது. கயிற்றில் ஒருவர் இறங்கி, அவனுக்குப் பட்டை மாட்டி மேலே ஏற்றிவிட்டார். எங்களை அழைத்துப்போக நடந்தே ஏறி வந்தவர்கள் தன்னார்வலர்கள். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார்! சம்பளம் கிடையாது, ராத்திரி கூப்பிட்டாலும் வருவார்களாம்.

கலிஃபோர்னியாவில் மலையில் தொலைந்தவர்களைத் தேடுவது ஷெரிஃபின் பொறுப்பு. நடிகர் ஜூலியன் சாண்ட்ஸ் 2023 ஜனவரியில் காணாமல் போனதும் இந்த மலையில்தான். பலமுறை தேடினார்கள். கடைசியில் ஜூன் மாதம் மலையேறப் போனவர்கள் கண்ணில்தான் எச்சங்கள் பட்டன. பனிக்காலத்தில் ஷூவில் மாட்டும் முள் தகடான கிராம்பான் இல்லாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சான் ஹோசே அக்கா:
நான் பார்த்தது சோகமான வேலை. எதிர் வீட்டில் வாடகை பாக்கி, கேஸ் முடிந்துவிட்டது. தீர்ப்பு வந்தாலும் வீட்டுக்காரர் தானே பூட்டை மாற்ற முடியாது. டெபுடி வந்து காலி செய்ய 5 நாள் கெடு என்று நோட்டீஸ் ஒட்டினார். கெடு முடிந்து திரும்பி வந்தபோதும் குரலை உயர்த்தவில்லை; குழந்தையின் புத்தகப் பையை எடுத்துக்கொள்ளும்வரை வாசலிலேயே நின்றார். வழக்கில் தீர்ப்புச் சொல்லக் குடிமக்களைக் கூப்பிடும் ஜூரி டியூட்டிக்குப் போனால் கோர்ட்டில் காவலுக்கு நிற்பதும் இவர்கள்தான். கவுன்டி ஜெயிலும் இவர்கள் கையில்.

கூப்பர்டினோவாசி:
அக்கா, இவ்வளவு அதிகாரம் உள்ள ஷெரிஃபை நாம்தான் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். நகரப் போலீஸ் தலைவர் நியமனத்தில் வருகிறவர். ஷெரிஃபின் பதவிக்காலம் வழக்கமாக 4 ஆண்டு. கலிஃபோர்னியாவின் பெரும்பாலான கவுன்டிகளில் 2022ல் ஜெயித்தவர்களுக்கு மட்டும் 6 ஆண்டு, அடுத்த தேர்தல் 2028. சிட்டிசன்ஷிப் வாங்கியவர்கள் வாக்குச்சீட்டில் அந்த வரியைக் காலியாக விட்டுவிடாதீர்கள்.