மாதம் 1,650 வெள்ளி விடுதி: மகளுக்குக் கட்டலாமா?

செம்பனைநிழல் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு கோலாலம்பூர் பக்கம் பண்டார் சன்வேயில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பயோமெடிக்கல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, மூன்று வருடம். எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) நன்றாகச் செய்ததால் பாதிக் கட்டணம் தள்ளுபடி. மீதிக்கு பி.டி.பி.டி.என். (அரசாங்க உயர்கல்வி நிதி) கடன். எங்கே தங்க வைப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு விடுதி இருக்கிறது. தனி அறை, உள்ளேயே குளியலறை, ஏர்கான், தண்ணீர், கரண்ட், வைஃபை, ஜிம், வாரம் ஒருமுறை அறையைச் சுத்தம் செய்ய ஆள், ராத்திரி பகல் ஜாகா (காவலாள்), காலையில் பசியாறலும் இரவுச் சாப்பாடும். எல்லாம் சேர்த்து மாதம் 1,650 வெள்ளி (ரிங்கிட்). ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. வெளியே வீட்டில் ஓர் அறை எடுத்தால் 650 வரும் என்கிறார்கள்.

வீட்டுக்காரர் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். நான் ஈப்போ தொழிற்சாலை பஸ்ஸில் போய் வருகிறேன். ஊழியர் சேம நிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபெல் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டிவிடலாம், பொம்பளப் பிள்ளை விஷயத்தில் காசு பார்க்காதே என்கிறார் அவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

பழைய_கிராணி

முதலில் பிள்ளைக்கு வாழ்த்துகள் அம்மா. என் கருத்து: கட்டாதீர்கள்.

2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வெயிலில் ஒரு மாதம் குலை வெட்டிய சம்பளத்தில் மிச்சம் 50 வெள்ளி. விடுதிக்கு வருடம் 19,800. மூன்று வருடத்துக்கு 59,400. லூனாஸ் பக்கமோ சுங்கை சிப்புட்டிலோ ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம்.

சேம நிதியைத் தொடுவது பற்றி இன்னும் கடுமையாகச் சொல்வேன். 2024க்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தார்கள். ஆயிரம் வெள்ளி எடுத்தால் அந்த வருடமே 63 வெள்ளி போகிறது, அடுத்த வருடம் அந்த 63க்கு வரவேண்டியதும் சேர்ந்து போகிறது. குலை வெட்டுகிறவர் உடம்பு 60 வயது வரை தாங்குமா என்று நான் பல தோட்டங்களில் பார்த்தவன். அந்தக் காசு அவருடைய முதுகுக்கு.

சுபாங்_மகள்

ஐயா, 1,650ஐ அந்த 650ஓடு வைத்துப் பார்க்கக்கூடாது. அது சரியான ஒப்பீடு இல்லை. வெளியே அறை எடுத்தால் சாப்பாடு, கரண்ட், வைஃபை, டோபி எல்லாம் தனி. முதல் நாளே இரண்டு மாத டெபாசிட், அரை மாத யூட்டிலிட்டி டெபாசிட், ஒரு மாத முன்வாடகை: 650க்கு மூன்றரை மடங்கு, 2,275 வெள்ளி கையில் வேண்டும்.

ஆனால் நான் எழுத வந்தது காசு பற்றி இல்லை. அக்கா, உங்கள் மகளுக்கு வெளியே அறை கிடைக்குமா என்று யாரும் இங்கே கேட்கவில்லை. நானும் தோட்டத்திலிருந்து போனவள்தான். சுபாங்கில் அறை தேடியபோது போனில் அறை காலியாக இருக்கும். பெயரைச் சொன்னதும் "இப்போதுதான் ஒருவர் எடுத்துவிட்டார்". மறுநாள் அதே விளம்பரம் அப்படியே இருக்கும். சிலர் விளம்பரத்திலேயே எழுதிவிடுகிறார்கள், இந்தியர் வேண்டாம் என்று. எங்கே போய்ப் புகார் செய்வது? அரசியலமைப்பின் 8வது பிரிவு அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் வீட்டுக்காரரை இல்லை. முதல் செமஸ்டரில் வகுப்பு தொடங்கிய பிறகும் நான் ஒரு தோழியின் அறையில் தரையில் படுத்துக்கொண்டு அறை தேடினேன். பதினெட்டு, பத்தொன்பது வயதில் அது மனசை என்ன செய்யும் என்று பெற்றவர்களுக்குத் தெரியவேண்டும். விடுதியில் இனம் கேட்கவில்லை. படிவம், காசு, சாவி.

அந்த ஒன்றுக்காகவே நான் கட்டச் சொல்வேன்.

லிந்தாங்_லாரி

தங்கச்சி சொல்வது உண்மை, மறுக்கமாட்டேன். என் பையன் கம்பாரில் படிக்கிறான், நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு. அங்கே பாதி ஊரே மாணவர்களை நம்பி வாழ்கிறது, அறை கிடைப்பது சுலபம். கோலாலம்பூர் பக்கம் அப்படி இல்லை.

ஆனாலும் அந்த மாதிரி விடுதி நமக்கு ஏன் ஒத்துவராது என்றால், உள்ளே இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு அது சாதாரணச் செலவு. அவர்கள் ராத்திரி கிரேப் (வாடகைக் கார்) போட்டு வெளியே சாப்பிடப் போவார்கள், கூடப் போகாத பிள்ளை தனியாகிவிடும். கூடப் போனால் 1,650 என்பது 2,000. இதை யாரும் கணக்கில் எழுதமாட்டார்கள்.

மேசைக்காரி

நான் ஒரு மாணவர் விடுதியில் முன்மேசையில் வேலை செய்தவள் (எது என்று சொல்லவில்லை). கட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம். ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்காமல் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

"எல்லாம் சேர்த்து" என்பதற்குள் கரண்டுக்கு ஓர் உச்ச அளவு இருக்கலாம். நான் இருந்த இடத்தில் அதற்கு மேல் போனால் மாணவர் கட்டவேண்டும். ஒரு குதிரைத்திறன் ஏர்கான் மணிக்கு முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் இழுக்கும். ராத்திரி எட்டு மணி நேரம் என்றால் மாதம் 190 யூனிட் பக்கம், யூனிட்டுக்கு 50 சென் வைத்தாலும் 95 வெள்ளி. அதனால் கரண்டு இலவசம் என்று சொல்லும்போது உங்களுக்குக் கிடைப்பது நூறு வெள்ளிக்குள்தான்.

சாப்பாடுதான் பெரிய ஓட்டை. சாப்பிடாத வேளைக்குக் காசு திரும்ப வராது. நம் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாசி முழுக்க சைவம். அன்றைக்கு சைவம் என்று முட்டை போட்ட மீ கோரெங்கைக் காட்டினால் என்ன செய்வது? பிள்ளைகள் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்ப் பொங்குஸ் (பொட்டலச் சாப்பாடு) வாங்கி வருவார்கள். பார்க்கவே சங்கடமாக இருக்கும். சமைக்கவும் முடியாது, அறையில் மைக்ரோவேவ் மட்டும். சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் தருவீர்களா என்று கேளுங்கள். விளம்பரத்தில் போடாவிட்டாலும் நாங்கள் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம்.

நடுவில் வெளியேறினால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். பதிலுக்கு வேறு ஆளைக் கொண்டுவந்தால் டெபாசிட் திரும்புமா, அல்லது மீதி மாதங்கள் முழுவதையும் கட்டச் சொல்வார்களா? ஆறு மாத ஒப்பந்தம் உண்டா? வாயால் சொன்னதை ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய_கிராணி

மேசைக்காரி அம்மாவுக்கு நன்றி, இப்போது கணக்கைத் திருத்தமாகப் போடுகிறேன். விடுதியில் மதியச் சாப்பாடு கிடையாது, அதற்கு மாதம் 250 வைத்தால் மொத்தம் 1,900. வெளியே: வாடகை 650, கரண்டு தண்ணீர் வைஃபை பங்கு 80, மூன்று பிள்ளைகள் சேர்ந்து சமைத்தால் ஆளுக்கு 300, மை50 மாதப் பயண அட்டை 50. மொத்தம் 1,080. வித்தியாசம் 820, வருடத்துக்கு 9,840.

அந்த மை50 அட்டையைச் சும்மா சேர்க்கவில்லை. எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. ரயில், பி.ஆர்.டி. பஸ், ரேபிட் பஸ் எல்லாம் அதில் அடங்கும். யு.எஸ்.ஜே. 7 நிலையத்தில் பி.ஆர்.டி. ஏறினால் சன்யூ-மோனாஷ் இரண்டாவது நிறுத்தம். தனிப் பாலத்தில் ஓடுகிறது, சாலை நெரிசல் கிடையாது. இன்னும் மலிவாக வேண்டுமென்றால் பூச்சோங் பக்கமும் எல்.ஆர்.டி. இருக்கிறது, புத்ரா ஹைட்ஸில் மாறவேண்டும். நடந்து போகும் தூரம் என்ற ஒன்றுக்கு இவ்வளவு விலையா?

சுபாங்_மகள் சொன்னதற்கும் என்னிடம் பதில் உண்டு. தனித்தனியாக அறை தேடுவதால்தான் நம் பிள்ளைகள் அடிபடுகிறார்கள். மூன்று நான்கு பெற்றோர் சேர்ந்து முழு வீட்டையும் ஒரு பெரியவர் பெயரில் எடுக்கலாம். நம் ஊரில் பிறந்த, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, தோட்டத்து ஜனங்கள் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்ட காசில்தான் தோட்டங்களையே வாங்கினார்கள். ஒரு வீட்டு டெபாசிட் நமக்குப் பெரிதா?

சுபாங்_மகள்

ஐயா, முழு வீட்டுக்கும் அதே வீட்டுக்காரர்தானே சம்மதிக்கவேண்டும்? பெரியவர் பெயரும் நம் பெயர்தானே? கிடைக்காது என்று சொல்லவில்லை. கிடைக்க எத்தனை வாரம் ஆகும், அதுவரை பிள்ளை எங்கே இருப்பாள்? வகுப்பு தொடங்குவது உங்கள் தேடலுக்காகக் காத்திருக்காது. ஆய்வுக்கூடம் முடிந்து ராத்திரி ஒன்பதரைக்கு வரும்போது நிலையத்திலிருந்து வீடுவரை தெரு எப்படி இருக்கும் என்பதும் 820 வெள்ளிக்குள் ஒரு பங்குதான்.

செம்பனைநிழல் (சுங்கை சிப்புட்)

எல்லாரும் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. விடுதிக்குப் போன் செய்து மேசைக்காரி சொன்னதையெல்லாம் கேட்டேன். இரண்டு பேர் தங்கும் அறை, சாப்பாடு இல்லாமல், 980. ஆறு மாத ஒப்பந்தம் கொடுப்பார்களாம், ஆனால் மாதத்துக்கு 70 கூட. கரண்டுக்கு உச்ச அளவு உண்டு, கேட்டபிறகுதான் சொன்னார்கள். 1,050 என்றால் சேம நிதியைத் தொடாமல் சமாளிக்கலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். தனி அறை இல்லையே என்று அவருக்குக் கவலை. மகளுக்கு இல்லை, தோட்ட வீட்டில் ஒரே அறையில் அக்கா தங்கையோடு படுத்தவள்தானே.

பழைய_கிராணி

இன்னமும் அதிகம்தான் என்பேன். ஆனால் சேம நிதி தப்பித்தது, அதில் எனக்கு நிம்மதி. ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன என்பதை இப்போதே பாருங்கள். என் தங்கை மகள் யு.எஸ்.ஜே. பக்கம் ஒரு வீட்டில் இருக்கிறாள். தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர், முடித்துப் போகிறவர்கள் வருகிறவர்களுக்குக் கைமாற்றிவிடுகிறார்கள், வீட்டுக்கார அம்மா சீனர், இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. ஜனவரியில் ஓர் அறை காலியாகிறது, 600 வெள்ளி.

சுபாங்_மகள்

அப்படி ஒரு வீடு இருந்தால் விடாதீர்கள் அக்கா. ஆனால் பகலில் போய்ப் பார்த்துவிட்டு வராதீர்கள். இருட்டிய பிறகு நிலையத்தில் இறங்கி மகளையும் கூட்டிக்கொண்டு வீடுவரை நடந்து பாருங்கள், விளக்கு எரிகிறதா, வழியில் கடை திறந்திருக்கிறதா என்று. டெபாசிட் கொடுக்கும்போது வீட்டுக்கார அம்மா கையெழுத்துப் போட்ட ரசீது வேண்டும், முடித்துப் போகிற பிள்ளைகள் கையில் காசைக் கொடுத்துவிடுவது கூடாது. ஏமாற்றினால் 5,000 வெள்ளிக்குள் சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் போகலாம், அதற்கும் அந்த ரசீதுதான் கேட்பார்கள்.

செம்பனைநிழல் (சுங்கை சிப்புட்)

ஐயா, வீட்டுக்கார அம்மா நம்பரைத் தனியாக அனுப்பிவிடுங்கள். அடுத்த வாரம் பதிவுக்கு ஈ.டி.எஸ். ரயிலில் போகிறோம், அன்றைக்கு ராத்திரியே அந்தத் தெருவையும் பார்த்துவிடுகிறோம்.